நாப்பது தாண்டுனவங்களால 4 நிமிஷத்துல ஒரு மைல் ஓட முடியுமா?

பிடோக்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து காலைல இங்க சிங்கப்பூர் தோ பாயோ ஸ்டேடியத்துல ஓடிட்டு கோப்பிக்கடையில பசியாறிக்கிட்டு இருந்தப்ப, நாப்பது தாண்டிட்டா உலகச் சாம்பியனாவே இருந்தாலும் 4 நிமிஷத்துக்குள்ள மைல் ஓட முடியாதுன்னு கூட்டாளி ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. எனக்கு 44 வயசு, என்எஸ்ல (கட்டாய தேசிய சேவை) 2.4 கிலோமீட்டர் ஓட்டத்த 9 நிமிஷம் 10 வினாடியில ஓடுனவன், இப்ப 400 மீட்டர் வேகமா ஓடுனா நாலாவது தடவையே கெண்டைக்கால் புடிச்சுக்குது. வயசானா உடம்புல என்னதான் போகுது? பெரிய ஆளுங்க எப்படி சமாளிக்கிறாங்க?

நாலுரவுண்டு:
ஓடியிருக்காங்கண்ணே. அயர்லாந்து ஈமன் காக்லன் 1994ல, 41 வயசுல, ஹார்வர்ட் இண்டோர் ட்ராக்ல 3:58.15, நாப்பதுக்கு மேல 4 நிமிஷத்த உடைச்ச முதல் ஆள் அவருதான். 2012ல பிரிட்டன் ஆண்டனி வைட்மன் வெளி ட்ராக்ல 3:58.79. கென்யாவுல பொறந்து அமெரிக்காவுக்கு ஓடுன பெர்னார்ட் லகாட்ட பாருங்க, 2001ல ரோம்ல 3:47.28, 2015ல 40 வயசுல 3:54.91. பதினாலு வருஷத்துல போனது 8 வினாடி கூட இல்ல! ரோஜர் பேனிஸ்டர் 1954ல, 25 வயசுல, உலகத்துலயே முதல்முறையா உடைச்சப்ப 3:59.4 தான்.

மெக்ரிட்சிகாத்து:
பேனிஸ்டர் ஓடுனது கரித்தூள் ட்ராக், அதையும் இதையும் நேரா ஒப்பிடுறது நியாயமில்ல. ஆனா முடியும்ங்கிறது உண்மைதான். வயசாக ஆக இதயத்தோட உச்சத் துடிப்பு குறையும், அதை பயிற்சியால நிறுத்த முடியாது, உடம்பு இழுத்துக்கிற ஆக்ஸிஜனும் குறையும், விடாம கடுமையா ஓடுறவங்களுக்கு மட்டும் அது மெதுவா குறையும். காலு மாத்தி மாத்தி வைக்கிற வேகம் அவ்வளவா மாறாது, ஒவ்வொரு எட்டும்தான் சின்னதாயிடும், ஏன்னா தரையைத் தள்ளுற பலம் கெண்டைக்கால்ல இருந்து வருது, அதுதான் முதல்ல போகுது. உங்க கால் புடிக்கிறதும் அனேகமா இதனாலதான்.

ஓட்டக்கார அக்கா:
தம்பி, எனக்கு 53. வேகம் போனத விட, ஓடுன களைப்பு ஆற நாளாகுதுங்கிறதுதான் என் அனுபவம். முன்னெல்லாம் செவ்வாக்கிழமை வேகமா ஓடிட்டு வியாழக்கிழமை மறுபடி ஓடுவேன், இப்ப நடுவுல மூணு நாள் விடலன்னா கால் கல்லு மாதிரி ஆயிடுது. லகாட்டே போட்டியில ஓடுன காலத்துல சீசன் முடிஞ்சதும் வருஷா வருஷம் அஞ்சு வாரம் ஓடாம இருந்தாரு, நாமதான் ஒரு வாரம் விட்டாலே பதறுறோம். அப்புறம் நம்ம 2.4 கிலோமீட்டரே கிட்டத்தட்ட ஒன்றரை மைல்தான், உங்க 9:10 அப்படின்னா மைலுக்கு சுமார் 6:07. ஒரே ஒரு மைல்ன்னா இப்பவும் 6 நிமிஷத்துக்குள்ள வர பாக்கலாம், அதை குறியா வைங்க.

பிடோக்வாசி:
ரொம்ப நன்றிக்கா, கூட்டாளிகிட்ட லகாட் கணக்க காட்டப் போறேன். கெண்டைக்காலுக்கு என்ன செய்யலாம்?

ஓட்டக்கார அக்கா:
உங்க அடுக்குமாடி புளோக் படிக்கட்டு விளிம்புல முன்னங்கால வச்சு நில்லுங்க, கம்பிய புடிச்சுக்குங்க. ரெண்டு காலாலயும் எம்பி, ஒத்தக்கால்ல மெதுவா குதிகால் படிக்கு கீழ போற வரைக்கும் இறங்கணும், இறங்குறதுதான் வேலையே. காலுக்கு 15, மூணு தடவை. சுருக்குன்னு குத்துற வலி இருந்தா மொதல்ல பிசியோகிட்ட காட்டிட்டு செய்யுங்க.