கலைச்சொல் உதவி தேவை: தோற்பது உறுதியான பிறகும் ஓடும் ஆட்டத்துக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தைத் தமிழில் அறிமுகப்படுத்தி ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அது). டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பது), குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) போன்றவற்றை அப்படியே விட்டுவிட்டேன், எல்லாவற்றோடும் மல்லுக்கட்டினால் தொடர் நகராது. ஆனால் இரண்டு சொல்லுக்குத் தமிழ் இல்லாமல் ரசிகர்கள் பேசிக்கொள்வதை எழுதவே முடியவில்லை: ப்ளோஅவுட் (ஓர் அணி மற்றதைத் துவைத்தெடுக்கிற ஆட்டம்), கார்பேஜ் டைம் (தோற்பது உறுதியான பிறகும் ஓடுகிற மிச்ச நேரம்).

இப்போது கையில் இருப்பது 59ஆவது சூப்பர் போல், அதாவது என்எஃப்எல் லீகின் இறுதி ஆட்டம். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். தொடர்ந்து மூன்றாவது கோப்பையை வாங்கிவிடலாம் என்று வந்த கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், இடைவேளையில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் 24-0 என்று மாட்டிக்கொண்டு நின்றது. முதல் பாதி முழுக்க அவர்கள் முன்னேறிய தூரம் மொத்தமே 23 யார்டு, கிரிக்கெட் பிட்சைவிட ஒரு யார்டுதான் அதிகம். மூன்றாம் கால்பகுதியில் 34-0. கடைசிக் கால்பகுதியில் 40-6. அப்புறம் கடைசி மூன்று நிமிடத்துக்குள் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மகோம்ஸ் இரண்டு டச்டவுன் எறிய, 40-22 என்று முடிந்தது. நாளைக்கு இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் "பரவாயில்லையே, போராடித்தான் தோற்றிருக்கிறார்கள்" என்று நினைப்பார். உட்கார்ந்து பார்த்த ரசிகர்களுக்குத் தெரியும், கடைசி 16 புள்ளியும் கார்பேஜ் டைமில் வந்தது.

நான் எழுதி வைத்திருப்பது 'ஒருதலைப்பட்ச ஆட்டம்', 'குப்பை நேரம்'. இரண்டுமே எனக்குத் திருப்தியாக இல்லை. யாராவது கைகொடுங்கள்.

* * *

தம்பி,

ஒருதலைப்பட்சம் வேண்டவே வேண்டாம். தமிழில் அது நடுவர் செய்கிற காரியம், அணிகள் செய்வதில்லை. அதுவும் இந்த ஆட்டத்துக்குப் போட்டால் விபரீதமாகிவிடும். நடுவர்கள் சீஃப்ஸுக்குச் சாதகமாகவே கொடி வீசித் தவறு சொல்கிறார்கள் என்று அந்த ஜனவரி முழுக்க மற்ற அணி ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள், லீகின் ஆணையர் ரோஜர் குடெலே வாயைத் திறந்து மறுக்க வேண்டிய அளவுக்குப் போனது விஷயம். நீங்கள் 'ஒருதலைப்பட்ச ஆட்டம்' என்று தலைப்பு வைத்தால் படிக்கிறவர் நேராக அங்கேதான் போவார். 'ஒருதலை ஆட்டம்' என்று சுருக்கினால் காதல் தோல்வி மாதிரி இருக்கிறது.

ப்ளோஅவுட்டுக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. வெளுத்து வாங்கினான், வெளுத்துக்கட்டினான் என்று நாம் தினமும் சொல்வதுதான். வினை தயாராக இருக்கிறது, பெயர்ச்சொல் மட்டும்தான் வேண்டும்: வெளுப்பாட்டம். வெறும் 'வெளுப்பு' என்று வைத்தால் முகம் வெளிறிப்போன மாதிரி ஆகும், ஆட்டத்தைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. நையப்புடைப்பு என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எந்த ரசிகனும் அதைக் கத்த மாட்டான்.

வெளுப்பாட்டத்துக்கு மூலவிக்கிரகம் 1940 டிசம்பர் 8, வாஷிங்டனில் நடந்த இறுதி ஆட்டம். சிகாகோ பேர்ஸ் 73, வாஷிங்டன் 0. இத்தனைக்கும் மூன்று வாரம் முன்புதான் இதே வாஷிங்டன் இதே சிகாகோவை 7-3 என்று தோற்கடித்திருந்தது. டச்டவுனுக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைக்கிற பந்தெல்லாம் கூட்டத்துக்குள் போய்த் திரும்பி வராமல், பந்து கையிருப்பு குறைந்துபோய், "இனிமேல் உதைக்காதீர்கள், ஓடியோ எறிந்தோ புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நடுவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதற்கு நடுவே அடுத்த ஆண்டுக்கான சீசன் டிக்கெட் விற்பனை பற்றி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம், சொந்த ஊர்க் கூட்டம் மொத்தமும் ஊளையிட்டது. உங்கள் தொடரில் ரசிகர் மனநிலை வேண்டுமென்றால் இந்த ஒரு காட்சி போதும்.

இப்போது குப்பை நேரம். எனக்குக் காதில் விழுவது தெருவில் குப்பை வண்டி வருகிற நேரம்தான். அது போகட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் 'குப்பையாக ஆடினார்கள்' என்றால் மோசமாக ஆடினார்கள் என்று பொருள். சீஃப்ஸ் குப்பையாக ஆடியது முதல் பாதியில். கடைசி மூன்று நிமிடம் அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், அதனால் பயன் இல்லை என்பதுதான் விஷயம். ஆக, உங்கள் சொல் ஆட்டத்தின் தவறான பாதியைச் சுட்டுகிறது. 'எச்சப்பொழுது' என்று ஒரு பரிந்துரை பழைய இழை ஒன்றில் இருக்கிறது, இலக்கணக்காரர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் தலையைத் தூக்கிக் காக்கை எங்கே என்று பார்ப்பார்கள்.

என் பரிந்துரை: ஒப்புக்கு ஆட்டம்.

சின்ன வயதில் தெருவில் ஆடும்போது ஒரு பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அவனும் ஓடுவான், பிடிப்பான், கத்துவான், ஆனால் அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. (சப்பாணியை இந்தக் காலத்தில் இழுக்க வேண்டாம், அந்தச் சொல் யாரையாவது புண்படுத்தும். ஒப்புக்கு மட்டும் போதும்.) கார்பேஜ் டைமும் அதேதான். கடிகாரம் ஓடுகிறது, புள்ளி ஏறுகிறது, நடுவர் நிற்கிறார், முடிவில் மட்டும் எதுவும் மாறப்போவதில்லை. விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு கட்டம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். 15 நிமிடக் கால்பகுதி என்றால் யாருக்கும் 15 நிமிடம்தான். ஒப்புக்கு என்று முடிவுகட்டுவது ரசிகனும் பயிற்சியாளரும். ஈகிள்ஸ் தன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு மாற்று ஆளான கென்னி பிக்கெட்டை இறக்கியது, ஆட்டம் முடியும் முன்பே பயிற்சியாளர் நிக் சிரியானி தலையில் வெற்றிக் கொண்டாட்டமாகக் கேட்டரேட் பானத்தைக் கொட்டிவிட்டார்கள். அதைவிட வெளிப்படையாக யாரும் அறிவிக்க முடியாது. ஆகவே சொல்லும் ரசிகன் வாயில் வருகிற சொல்லாக இருக்க வேண்டும், அகராதியில் மட்டும் இருக்கிற சொல் இங்கே உதவாது.

* * *

அண்ணா, வெளுப்பாட்டம் எனக்குச் சம்மதம். ஒப்புக்கு ஆட்டத்தில் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, யார் ஒப்புக்கு ஆடுகிறார்கள்? இதே ஆட்டத்தில் சீஃப்ஸின் சேவியர் வொர்தி முதல் ஆண்டு வீரர். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு, 50 யார்டு தூரம் ஒரு பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டார், அன்று அவர் கணக்கில் மொத்தம் 157 யார்டு. அந்தப் பையன் ஒப்புக்கா ஓடினான்? உயிரைக் கொடுத்து ஓடினான். வீட்டில் உட்கார்ந்து ஃபேன்டஸி அணி (நிஜ வீரர்களின் கணக்கை வைத்துப் புள்ளி எண்ணும் கற்பனை அணி) வைத்து விளையாடுகிறவர்களுக்கு வொர்தியின் யார்டு யார்டுதான், 34-0இல் வந்ததா 0-0இல் வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்காது. மொத்தப் புள்ளி இவ்வளவைத் தாண்டும், தாண்டாது என்று பந்தயம் கட்டியவர்களுக்கோ 46 புள்ளியில் நின்ற ஆட்டம் 62இல் முடிந்த அந்தக் கடைசி நிமிடங்கள்தான் மொத்த ஆட்டமும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் இடைவேளையில் கென்ட்ரிக் லாமார் பாடி முடித்ததும் டிவியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள், மிச்சம் இருந்து கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வகைதான்.

இரண்டாவது, 1993 ஜனவரி 3. பஃபலோவில் பில்ஸுக்கும் ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கும் ப்ளேஆஃப். இடைவேளையில் 28-3, மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும் இன்னொன்று வாங்கி 35-3. வழக்கமான குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி காயத்தில் வெளியே, ஆடுவது மாற்று ஆள் ஃபிராங்க் ரைக். கூட்டம் எழுந்து கிளம்பியது. யாரைக் குறை சொல்ல முடியும்? டிக்கெட் முழுக்க விற்காததால் உள்ளூர் டிவியில் அந்த ஆட்டத்தைக் காட்டவும் இல்லை, அதனால் போனவர்கள் வண்டியில் வானொலியைத்தான் போட்டிருக்கிறார்கள். 35-10, 35-17, 35-24 என்று கேட்கக் கேட்க வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், வெளியே போனவர்களை மறுபடி உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள். வேலி ஏறிக் குதித்து வந்தவர்கள் உண்டு. கூடுதல் நேரத்தில் பில்ஸ் 41-38 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஒப்புக்கு ஆட்டம் எந்த நிமிடத்தில் தொடங்கியது, எந்த நிமிடத்தில் முடிந்தது? 2017 சூப்பர் போலில் அட்லாண்டா 28-3 என்று முன்னணியில் இருந்தும் தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர்களிடம் இன்றைக்கும் அந்த இரண்டு எண்ணைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

'முடிந்த ஆட்டம்' என்று எளிமையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே?

* * *

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே பதில் இருக்கிறது அம்மா. 'முடிந்த ஆட்டம்' என்றால் அது நடந்த செய்தி. நீங்கள் சொன்ன பஃபலோ ஆட்டத்தில் அது பொய்யாகிவிடும், முடியவில்லையே. 'செத்த ஆட்டம்' என்று யாரோ சொல்ல வந்தாலும் அதே கதிதான். 'ஒப்புக்கு' என்பது ஒருவருடைய மதிப்பீடு. "இனி ஒப்புக்கு ஆட்டம்தான் என்று எழுந்து போனவர்கள் வேலி ஏறித் திரும்பி வந்தார்கள்" என்று எழுதினால் வாக்கியம் சரியாக நிற்கிறது, அவர்கள் கணிப்பு தப்பாகப் போனது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லும் ரசிகர் வாயில் இப்படித்தான் புழங்குகிறது, ஒருவன் கார்பேஜ் டைம் என்பான், பக்கத்தில் இருப்பவன் இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று சண்டைக்கு வருவான்.

வொர்தி விஷயம் கொஞ்சம் கடினமானது. நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். முன்னணியில் இருக்கிற அணி அந்த நேரத்தில் தடுப்பாட்டத்தைத் தளர்த்திவிடும், ஆட்களைப் பின்னால் நிறுத்தும், சின்னச் சின்னப் பாஸ்களை விட்டுக்கொடுக்கும், எதிரணி நேரத்தைத் தின்றால் போதும் என்று இருக்கும். முக்கிய வீரர்களுக்கு அடிபடக் கூடாது என்பதுதான் பெரிய கவலை. ஆக ஒப்புக்கு ஆடுவது ஜெயிக்கிறவன். தோற்கிறவன் உயிரைக் கொடுத்து ஆடலாம், ஆனால் எதிரே ஒப்புக்கு நிற்கிறவனிடம் எடுத்த புள்ளி என்பதால்தான் ரசிகர்கள் அதை மதிப்பதில்லை. 257 யார்டு, மூன்று டச்டவுன் என்று மகோம்ஸின் கணக்கை மட்டும் படித்தால் ஓரளவு நல்ல நாள் என்று தோன்றும். ஆறு முறை அவரைத் தரையில் சாய்த்ததையும், இரண்டு பந்தைப் பறித்ததையும், அதில் ஒன்றை ஈகிள்ஸ் வீரர் கூப்பர் டிஜீன் தன் பிறந்தநாளில் நேராக டச்டவுனுக்கே கொண்டுபோனதையும் பார்த்தவன் அப்படிச் சொல்வானா?

சொல்லாக்கத்தில் ஒரு சின்ன நிபந்தனை. சேர்த்து எழுதாதீர்கள். 'ஒப்புக்காட்டம்' என்று புணர்த்தினால் 'ஒப்புக் காட்டம்' என்று பிரித்துப் படித்துவிட்டு, தோற்ற அணி ரசிகர்களின் கோபத்துக்கு வைத்த பெயர் போலிருக்கிறது என்பார்கள். 'ஒப்பாட்டம்' என்று குறுக்கினால் சமபல ஆட்டம் என்று நேர் எதிராகப் போகும். பிரித்தே எழுதினால் இன்னொரு வசதியும் இருக்கிறது: ஒப்புக்குப் புள்ளி, ஒப்புக்கு டச்டவுன், ஒப்புக்கு யார்டு என்று எதோடும் ஒட்டும். குப்பையை வைத்துக்கொண்டு 'குப்பை யார்டு' என்று எழுதிப் பாருங்கள், மாநகராட்சிக் கிடங்குக்கு வழி கேட்ட மாதிரி இருக்கும்.

* * *

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. பத்தியை இப்படி மாற்றிவிட்டேன்:

"வெளுப்பாட்டம் என்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. 34-0 ஆனபோது சீஃப்ஸ் ரசிகர்கள் பலர் இனி ஒப்புக்கு ஆட்டம்தான் என்று கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். மகோம்ஸின் கடைசி இரண்டும் ஒப்புக்கு டச்டவுன். ஈகிள்ஸ் ரசிகர்கள் அதற்குள் ஃபிலடெல்ஃபியாவின் பிராட் தெருவுக்குக் கொண்டாடக் கிளம்பியிருந்தார்கள்."

சொற்பட்டியலில் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். அக்காவின் ஆட்சேபத்தையும் அடியில் குறிப்பாகப் போட்டுவிடுகிறேன், பின்னால் யாராவது இதே கேள்வியோடு வருவார்கள்.

அடுத்து ஒன்று. ஜெயிக்கிற அணியின் குவார்ட்டர்பேக் கடைசியில் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி நேரத்தைக் கழிப்பாரே, அதற்கு 'மண்டியிடல்' என்று வைத்தால் சரணடைந்தது போலத் தொனிக்கிறது. 'முழந்தாளிடல்' தேவாலயத்துக்குள் போய்விடுகிறது. ஊன்றலை வைத்து ஏதாவது செய்யலாமா? தனி இழையாகத் தொடங்குகிறேன்.