‘மிஸெராப்ல்’: ஏழையா, பாவியா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை வாசகர்:
விக்தோர் ஹ்யூகோவின் 1862 நாவலான ‘லே மிஸெராப்ல்’ஐப் பிரெஞ்சிலேயே படித்தேன், முத்தியால்பேட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம். பரிதாபத்துக்குரியவன், கேடுகெட்டவன் இரண்டுக்கும் பொதுவான ‘மிஸெராப்ல்’ என்கிற சொல் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்வார். கதாநாயகன் ழான் வால்ழான் ஒரு சிறுவனின் நாற்பது சூ (பழைய பிரெஞ்சுக் காசு) நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்து, பையனை விரட்டிவிடுகிறான். பிறகு "நான் ஒரு மிஸெராப்ல்" என்று கதறுகிறான். வகுப்பு இரண்டு கட்சியானது. ரொட்டி திருடியதற்கு 5 வருஷம், தப்பப் பார்த்ததற்கு 14 வருஷம் உள்ளே கிடந்தவன், பரிதாபம்தானே என்றோம் நாங்கள். "அவன் தன்னை நினைத்து இரங்கலப்பா, தன்னையே காறித் துப்பிக்கிறான்" என்றார் வாத்தியார். சரிதான், அங்கே ‘கேடுகெட்டவன்’ தவிர வேறெதுவும் பொருந்தாது.

மஞ்சக்குப்பம்:
எங்கள் வீட்டில் சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கமான ‘ஏழை படும் பாடு’தான். உங்கள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருஷம் இருந்தவர். 1950இல் படமாகவும் வந்தது. ஜாவர் என்கிற போலீஸ்காரராக நடித்து, சீதாராமன் ‘ஜாவர்’ சீதாராமன் ஆனது அதில்தான். தலைப்பில் இரக்கம் மட்டும் இருக்கிறது, வசவு இல்லை. நாவலில் வருகிற அயோக்கியச் சத்திரக்காரன் தெனார்தியே கதையைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "அவனும் ஏழைதானேடா, அவன் படுற பாட்டுக்கு எவன் அழுவான்?"

லாஸ்பேட்டை வாசகர்:
அப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்! அதே தெனார்தியே வேறு பெயரில், ஆளுக்கொரு வேஷத்தில் பிச்சைக் கடிதம் எழுதிப் பிழைப்பதை, பக்கத்து அறை இளைஞன் மரியுஸ் சுவர் ஓட்டை வழியாகப் பார்க்கிற கட்டம். ஹ்யூகோவே குறுக்கே வந்து பேசுகிறார். நொந்தவர்களும் இழிந்தவர்களும் ஒரே சொல்லுக்குள் கலந்துபோகிற புள்ளி ஒன்று உண்டு, அந்தச் சொல்தான் இது என்கிறார். உடனே, குற்றம் யாருடையது என்றும் கேட்டுவிடுகிறார்.

குருசுக்குப்பம் பேத்தி:
இதைப் படித்ததும் எங்கள் ஆயா ஞாபகம்தான். தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற ஒருத்தரைக் காலையில் "பாவம், சாப்டானோ என்னமோ" என்பார். அவரே சாயங்காலம் பொண்டாட்டியை அடித்தால் "படுபாவி!" ஆயாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. இரக்கமும் பழியும் ஒரே வேரில் நம்மிடமே இருக்கிறது. தலைப்பை ‘பாவிகள்’ என்று வைத்திருக்கலாமோ?

மஞ்சக்குப்பம்:
வைத்திருந்தால் சம்பா கோயில் (புதுச்சேரி மாதா கோயில்) வாசலில் மட்டும்தான் விற்றிருக்கும்.