ஃபங்ஷனல் புரோகிராமிங்கை எங்கிருந்து தொடங்கலாம்?

மன்னை மாணவன்:
வணக்கம். வீட்டு நெல் கணக்கைப் பைத்தானில் எழுதிவைக்கும் அளவுக்கு எனக்கு நிரலாக்கம் தெரியும். ஆனால் மாறிகளைத் திருத்தாமல் ஃபங்ஷன்களை இணைத்தே நிரல் எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கைக் கற்க, அதற்கான ஹாஸ்கெல் மொழியை எடுத்தால், பாடங்களில் மோனாட் வரும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தோடு இதைக் கற்க எளிய வழி உண்டா?

குடந்தைவாசி:
உள்ளீடு, வெளியீடு போன்ற வேலைகளை வரிசையாகக் கோக்கும் முறையான மோனாடை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 1990-இல் ஹாஸ்கெல்லின் முதல் அறிக்கை வந்தபோது அந்த மொழியிலேயே அது கிடையாது; 1996-இல் வந்த 1.3 பதிப்பில்தான் உள்ளீடும் வெளியீடும் அந்த வழிக்கு மாறின.

உங்கள் நெல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் கிடக்கும் ஒவ்வொரு குவியலுக்கும் மூட்டை எண்ணிக்கையும் ஈரப்பதமும் இருக்கும். மொத்தம் என்றொரு மாறியை வைத்து, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் திருத்திக்கொண்டே போவதை விட்டு, அரசுக் கொள்முதல் வரம்பான 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேற்படாத குவியல்களை, பொருந்துவதை மட்டும் எடுக்கும் ஃபில்டரால் பிரித்து, ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப்பால் மூட்டைக்கு 40 கிலோ வீதம் எடையாக்கி, இறுதியில் கூட்டுங்கள். அடுத்து, ஈரப்பத வரம்பை வாங்கிக்கொண்டு, சோதிக்கும் ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதுங்கள். மழைக்காலத்தில் அரசு வரம்பைத் தளர்த்தினால் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

மாயூரத்தான்:
தொடக்கத்துக்கு இது சரி. ஆனால் பைத்தானிலேயே தங்கிவிட வேண்டாம் என்பேன். அங்கே மாறியைத் திருத்த எந்தத் தடையும் இல்லாததால், சற்றுச் சிக்கல் வந்தாலும் கை பழைய லூப்புக்கே போய்விடும். ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனைப் பழகவும் அது உகந்ததன்று: அழைப்புகளின் ஆழத்துக்கு இயல்பு வரம்பு 1000 மட்டுமே. ராக்கெட் என்ற நிரலாக்க மொழியை நிறுவி, அதிலுள்ள தொடக்கநிலை மாணவர் மொழியில் எழுதிப் பாருங்கள். மாறியின் மதிப்பைத் திருத்தும் வசதியே அதில் இல்லை. அடைப்புக்குறிகள் மிகுதிதான், அது விரைவில் பழகிவிடும்.

மன்னை மாணவன்:
நன்றி. எதையும் திருத்தக் கூடாது என்றால், கணக்கைக் கோப்பில் சேமிப்பது எப்படி?

குடந்தைவாசி:
கோப்பைப் படிப்பதையும் எழுதுவதையும் நிரலின் இரு ஓரங்களில் வைத்துவிட்டு, நடுவிலுள்ள கணக்கை மட்டும், கொடுத்ததை வாங்கி விடையைத் தரும் ஃபங்ஷன்களாக எழுதுங்கள். அப்படி எழுதினால், கோப்பே இல்லாமல், இரண்டு மூன்று குவியல்களைக் கையால் தட்டெழுதிக் கொடுத்தே கணக்கைச் சரிபார்த்துவிடலாம். அந்த ஓரங்களையும் அதே ஒழுங்குக்குள் கொண்டுவர எண்ணும்போது மோனாடுக்குத் திரும்பினால் போதும்.