அடி வாங்கி வளர்ந்த தம்பி இப்போது அப்பா: எப்படிப் பேசுவது?

வணக்கம். எங்கள் அப்பா பெல்ட்டால் அடிப்பார். அம்மா கண்டுகொள்ளவே மாட்டார். தாத்தாவும் அப்பாவை அப்படித்தான் வளர்த்தாராம். இப்போது என் தம்பி, தன் ஆறு வயது மகன் அழுதாலே கையை ஓங்குகிறான். மற்ற நேரமெல்லாம் பாசம்தான். அந்த அழுகைச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடிவதில்லை. சிறுவயதில் தம்பி அழுதபோது தூக்கிச் சமாதானப்படுத்த யாரும் இருந்ததில்லையே!

சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களில் சுமார் 30 சதவீதத்தினரே தம் பிள்ளைகளிடம் அப்படி நடக்கிறார்கள் என்று 1987இல் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஸிக்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அனுசரணையான துணை, மனநல சிகிச்சை, சிறுவயதில் நம்பிக்கையான ஒரு பெரியவர் என இவையெல்லாம் சங்கிலியை அறுக்க உதவுகின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் கவுன்சிலிங் என்றாலே, "நான் என்ன பைத்தியமா?" என்று எழுந்து போய்விடுகிறான். குற்றம் சாட்டாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? கோபம் ஏறும் அந்த நொடியில் அவன் என்ன செய்யலாம்? அப்புறம், அத்தையாக நான் அந்தப் பிள்ளைக்கு எப்படித் துணை நிற்பது? இதைக் கடந்து வந்தவர்கள், குழந்தை மனநலத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.