போரோதினோ சண்டைக்கு பார்க்ளே டி டோலி ஏன் முழு அலங்காரச் சீருடையில் போனார்?

கொட்டகலை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அட்டன்ல நாங்க கொஞ்சப் பேர் மாசம் ஒரு தடவை கூடி ஒரு வரலாற்றுத் தலைப்பை எடுத்துப் பேசுவோம். இந்த முறை என் பொறுப்பு. 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ள போன கதை. முழுசாப் பேசினா விடிஞ்சிடும். அதனால ஒரே ஒரு ரஷ்ய அதிகாரியோட வாழ்க்கையை எடுத்துக்கிட்டேன்: மிகாயில் பார்க்ளே டி டோலி.

ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். 1812 செப்டெம்பர் 7, மொஸ்கோவுக்கு மேற்கே இருக்கிற போரோதினோ கிராமம். அன்னைக்கு இவர் தங்கச்சரிகைச் சீருடை, இறகு வச்ச தொப்பி, வாங்கின பதக்கம் அத்தனையும் மாட்டிக்கிட்டு பீரங்கிக்கு நேரா குதிரையில நின்னாராம். எல்லையில இருந்து அவ்வளவு தூரம் பின்வாங்கிக்கிட்டே வந்தவர் அன்னைக்கு மட்டும் ஏன் அப்படி? வீரமா, இல்ல செத்துப்போகணும்னே போனாரா?

இன்னொன்னு. அந்தக் காலத்து ரஷ்ய அதிகாரி என்ன சாப்பிட்டார், எங்க படுத்தார், கையில காசு இருந்துச்சா? எங்க கூட்டத்துல இதைத்தான் முதல்ல கேப்பாங்க.

பதுளைப் பையன்:

அக்கா, ஆளை மாத்திடுங்க. அதே போர்ல இருந்த இன்னொரு ரஷ்ய ஜெனரல் பக்ரத்தியோனை எடுங்க. பேர்போன ரஷ்யத் தளபதி சுவோரொவ் கிட்ட தொழில் பழகி 1799இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினவர். 1805இல் ஆஸ்திரியாவுல ஷோன்கிராபேன்ல சுமார் 7,000 பேரை வச்சுக்கிட்டு பல மடங்கு பெரிய பிரெஞ்சுப் படையை மறிச்சு நின்னார். போரோதினோவிலேயே காலில் அடிபட்டு, செப்டெம்பர் 24 அன்று உயிரை விட்டார். பார்க்ளே என்ன செஞ்சார்? பின்னால போனார். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கண்டி:

மகள், நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறீங்க, மாத்த வேண்டாம். தம்பி, பக்ரத்தியோன் மேல எனக்கும் பெரிய மரியாதை. ஆனா ஷோன்கிராபேன்ல அவர் செஞ்சது என்ன? ரஷ்யத் தளபதி குதுசோவின் படை பின்வாங்கித் தப்பணும்னு கடைசி வரிசையில நின்னு அடியைத் தாங்கினார். பின்வாங்குறது கேவலம்னா அந்தப் புகழுக்கும் இடம் இல்லாமப் போயிடும்.

சீருடைக்கு வர்றதுக்கு முன்னால இவர் யாருன்னு பாருங்க. பரம்பரை ஸ்கொட்லாந்து. ஆனா குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலேயே பால்டிக் கரையில குடியேறிடுச்சு. வீட்டுல ஜேர்மன் மொழி, லூதரன் சபை. அப்பாவும் ரஷ்யப் படையில இருந்தவர்தான். சொல்லிக்கிற மாதிரி நிலபுலம் இல்லை, அரண்மனையில கைதூக்கி விட ஆள் இல்லை. 1776இல் பையனாப் படையில சேர்ந்தவர், 1799இல்தான் மேஜர் ஜெனரல். பெரிய வீட்டுப் பிள்ளைகள் இருபது வயசுகளிலேயே அந்தப் பதவிக்கு வந்த காலம் அது. இவர் ஒவ்வொரு படியும் ஏறினது சண்டைக் களத்துலதான். 1807இல் நெப்போலியனோட நடந்த ஐலாவு சண்டையில வலது கை நொறுங்கிப் போச்சு. மேமெல் நகரத்துல படுக்கையில கிடந்தப்போ சக்கரவர்த்தி அலெக்சாந்தரே வந்து பார்த்தார். ஏற்றம் அங்கேதான் ஆரம்பிக்குது.

உங்க பேச்சுல 1809 மார்ச்சை விட்டுடாதீங்க. சுவீடனோட போர். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவுல கடல் உறைஞ்சு கிடக்கு. குவார்க்கென்னு சொல்ற ஒடுங்கின பகுதி. மூவாயிரத்துச் சொச்சம் பேரோட இவர் அந்தப் பனிக்கட்டி மேல நடந்தே கடந்தார். தட்டையான பனின்னு நினைக்காதீங்க. புயல்ல உடைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, திரும்ப உறைஞ்ச பாளங்கள். பீரங்கி வண்டியையும் குதிரையையும் அதுக்கு மேலாகத் தூக்கி இறக்கணும். ராத்திரி பனி மேலயே தங்கினாங்க, மூட்ட விறகு கிடையாது. அப்படிப் போய் உமேயோ நகரத்தைப் பிடிச்சார். இந்த மனுஷனைப் பார்த்து ‘பயந்தவன்’னு யாராவது சொன்னா எனக்கு மனசு பொறுக்காது.

1810இல் போர் அமைச்சர். படைச் சட்டங்களைத் திருத்தி எழுத வச்சார், களஞ்சியங்களை நிரப்பினார், பாரிஸ் வரைக்கும் ஒற்றர்களை வச்சிருந்தார். அதனாலதான் நெப்போலியன் எத்தனை பேரோட வருவான்னு இவருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். 1812 ஜூன் 24 அன்று எல்லையில இருந்த நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கின முதல் அணிகள் மட்டும் நாலு இலட்சத்துக்கு மேல. இவர் கையில சுமார் 1,20,000. பக்ரத்தியோன்கிட்ட அதுல பாதிக்கும் குறைவு, அதுவும் தனியாத் தெற்கே. எல்லையிலேயே நின்னு மோதியிருந்தா ரெண்டு படையும் தனித்தனியா அழிஞ்சிருக்கும். இவர் பின்வாங்கப் பின்வாங்க, துரத்தினவனுக்குத் தீனி தீர்ந்துச்சு. முதல் கிழமைகளிலேயே மழையிலயும் பச்சைத் தீவனத்துலயும் பிரெஞ்சுக் குதிரைகள் ஆயிரக்கணக்குல செத்துச்சு. குதிரை இல்லாட்டி பீரங்கியும் ரொட்டி வண்டியும் நகராது. போரோதினோவுக்கு வந்து சேர்ந்தப்போ நெப்போலியன்கிட்ட இருந்தது 1,30,000 அளவுதான். அந்தக் கணக்கைச் சரிக்கட்டினது பார்க்ளே.

அதுக்குக் கிடைச்ச கூலி? ‘ஜேர்மன்காரன் நாட்டை விக்கிறான்’னு படை முழுக்கப் பேச்சு. பக்ரத்தியோன் கோபத்தோட கடிதம் கடிதமா எழுதினார். சக்கரவர்த்தியோட சொந்தத் தம்பி கொன்ஸ்தாந்தீன், எரிஞ்ச ஸ்மொலென்ஸ்க் நகரத்தை விட்டுப் படை பின்வாங்கினதும் நேருக்கு நேராவே அவமானப்படுத்தினார். பார்க்ளே திருப்பி ஒரு வார்த்தை சொல்லலை. கடிதம் கொண்டுபோற வேலையைக் கொடுத்து அவரைத் தலைநகருக்கு அனுப்பிட்டார். ஓகஸ்ட் கடைசியில குதுசோவ் மேலதிகாரியா வந்தார். அவரும் முதல்ல செஞ்சது பின்வாங்கினதுதான். ஆனா அவரை யாரும் துரோகின்னு சொல்லலை, அவர் பேர் ரஷ்யப் பேர்.

என் அப்பா இந்த மலையில பிறந்தவர். தேயிலைக்கே உழைச்சவர். 1948 குடியுரிமைச் சட்டம் வந்ததும் நாடில்லாதவர் ஆனார். தலைமுறை தலைமுறையா ஒரு மண்ணுக்கு உழைச்சவனைப் பார்த்து ‘நீ வெளியாள்’னு சொன்னா அவனுக்குள்ள என்ன நடக்கும்னு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்ளேயை வாசிக்கிறப்போ என்னால அதைத் தள்ளி வச்சிட்டு வாசிக்க முடியாது.

இனி உங்க கேள்வி. சாகத்தான் போனார், இது என் முடிவு. பிறகு அவரே சக்கரவர்த்திக்கு எழுதின கடிதத்துல, பாரமாகிப்போன இந்த உயிர் தப்பிடுச்சேங்கிற கருத்துல எழுதினார். ஆனா சாவைத் தேடிப் போனவர் வேலையை விட்டுடலை. ரஷ்ய வரிசையோட நடுவுல இருந்த ராயெவ்ஸ்கி கொத்தளம்ங்கிற பீரங்கி அரண் பிற்பகல்ல விழுந்ததும் குதிரைப்படையைத் தானே நடத்திக்கிட்டு போய் நடு வரிசை உடையாமக் காத்தார். அவர் ஏறின குதிரைகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா விழுந்துச்சு, கூட நின்ன உதவி அதிகாரிகள் விழுந்தாங்க, இவர் மேல கீறல் இல்லை. அன்னைக்கு அடிபட்டுக் கிடந்த பக்ரத்தியோன், ‘படை இனி உங்க கையில’ங்கிற மாதிரி இவருக்குச் சொல்லி அனுப்பினதாகச் சொல்வாங்க. தம்பி அதையும் கவனிக்கணும்.

டயகம தேவி:

சேர் சொன்னதுக்கு மேல சண்டையைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. சாப்பாடு, படுக்கைக்கு வர்றேன்.

விருந்து, நடனம், ஷாம்பேன் எல்லாம் தலைநகரத்துக் காவற்படை அதிகாரிகளோட வாழ்க்கை. சாதாரண ரெஜிமென்ட் அதிகாரி ஏழை. பெரும்பாலானவங்களுக்கு நிலமோ பண்ணையடிமைகளோ இல்லை, சம்பளத்தை நம்பின சீவியம். சீருடையும் குதிரைப்படையில குதிரையும் சொந்தச் செலவு. ஏவல் வேலைக்கு ஒரு சிப்பாயை அரசாங்கம் கொடுக்கும். அவன்தான் சமைக்கிறது, துவைக்கிறது, சப்பாத்தைத் துடைக்கிறது எல்லாம். நடைப்பயணத்துல காஞ்ச கம்பு ரொட்டித் துண்டைத் தண்ணியில நனைச்சு சாப்பிடுவாங்க, அடுப்பு மூட்ட முடிஞ்சா கஞ்சி. படுக்கை அவங்க போர்த்தியிருக்கிற மேலங்கிதான்.

தேத்தண்ணி குடிச்சாங்க, ஆனா நம்ம தேயிலை இல்லை. நம்ம மலையில ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்குத் தேயிலை போட்டதே 1867இல். அவங்களுக்குச் சீனாவுல இருந்து கியாக்தாங்கிற எல்லை ஊர் வழியாகத் தரையாலே வந்தது. கூட்டத்துல இதைக் கட்டாயம் சொல்லுங்க, நம்ம ஆட்கள் கேப்பாங்க.

உயர்குடி அதிகாரிகளுக்கு வாயில பிரெஞ்சுதான் வரும். 1812இல் அது ஆபத்தாப் போச்சு. தெனிஸ் தவீதொவ்னு ஒரு ஹுஸார் (இலகு குதிரைப்படை) லெப்டினன்ட் கேணல், கவிஞரும் கூட. 50 ஹுஸார்களையும் 80 கொசாக் குதிரை வீரர்களையும் கூட்டிக்கிட்டு பிரெஞ்சுக்காரனோட சாமான் வண்டிகளை மறிக்கப் போனார். சரிகைச் சீருடையைப் பார்த்த கிராமத்து ஆட்கள் இவரையே எதிரின்னு நினைச்சு அடிக்க வந்தாங்க. அதுக்குப் பிறகு குடியானவன் அங்கி போட்டு, தாடி வளர்த்து, நெஞ்சுல புனித நிக்கலாஸ் படத்தைத் தொங்கவிட்டுக்கிட்டுத்தான் ஊருக்குள்ள போனார்.

பெண்கள் வருவாங்கன்னா நதேஷ்தா துரோவாவையும் சொல்லுங்க. ஆண் வேஷத்துல குதிரைப்படையில சேர்ந்து, விஷயம் தெரிஞ்ச சக்கரவர்த்தியே அதிகாரிப் பதவி கொடுத்தவர். போரோதினோவுல காலில் அடிபட்டும் சேவையை விடலை, 1816 வரைக்கும் இருந்தார்.

பதுளைப் பையன்:

சேர், படைக் கணக்கு விளங்குது. ஆனா ஸ்மொலென்ஸ்க் சனங்க என்ன பாவம் செஞ்சாங்க? வீடு எரியுது, பிள்ளை குட்டியோட தெருவுல. ஜெனரல் தன் படையைக் காப்பாத்திக்கிட்டு போயிட்டார். அவங்களை யார் காப்பாத்தினது?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கண்டி:

யாரும் காப்பாத்தலை தம்பி. அதை மறைச்சுப் பேசக்கூடாது. படை தப்பினதுக்கு விலை கொடுத்தது குடியானவன். போரோதினோவுக்குப் பிறகு, மொஸ்கோவை விடணும்னு ஃபிலி கிராமத்துல நடந்த தளபதிகள் ஆலோசனையில வெளிப்படையாச் சொன்னதும் பார்க்ளேதான். பிறகு அந்த நகரத்துல பெரும்பகுதி எரிஞ்சுது. நகரம் போனாலும் படை இருந்தா நாடு இருக்கும்னு அவர் நம்பினார். நானும் அதை ஏத்துக்கிறேன், ஆனா சந்தோஷமா இல்லை.

இது எங்கேயோ நடந்த கதையும் இல்லை. 1803 பெப்ரவரியில பிரித்தானிய ஜெனரல் மக்டோவல் கண்டிக்குள்ள நுழைஞ்சப்போ ஊர் காலி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் சனமும் மலைக்குள்ள போயிட்டாங்க. வெள்ளைக்காரன் வெறும் நகரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு காய்ச்சல்லயும் பசியிலயும் கரைஞ்சான். ஜூன்ல மிச்சப் படையும் மகாவலிக் கரையில முடிஞ்சுது. மொஸ்கோவுக்கு 9 வருஷத்துக்கு முன்னாலயே கண்டி அதைச் செஞ்சிடுச்சு. 1815இல் பிரதானிகள் அரசனைக் கைவிட்டதும் அதே மலை அவனைக் காப்பாத்தலை. அலெக்சாந்தருக்கு அந்த நிலை வராததுக்குக் காரணம், படை உடையாம இருந்தது. பார்க்ளேயோட உழைப்பு அங்கேதான் நிக்குது.

கொட்டகலை வாசகி:

சேர், கண்டியையும் மொஸ்கோவையும் சேர்த்துப் பேசப் போறேன். கடைசியில அவருக்கு என்ன ஆச்சு?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கண்டி:

போரோதினோவுக்குப் பிறகு உடம்பு முடியாம படையை விட்டுப் போனார். 1813இல் திரும்பக் கூப்பிட்டாங்க. நெப்போலியனைத் தோற்கடிச்ச லைப்சிக் வெற்றிக்குப் பிறகு கவுண்ட் பட்டம், 1814 மார்ச்சில் பாரிஸ் விழுந்ததும் பீல்ட் மார்ஷல், 1815இல் இளவரசர் பட்டம். 1818இல் வைத்தியத்துக்குப் போற வழியில பிரஷ்யாவுல இறந்தார். பீற்றர்ஸ்பேர்க் கசான் பேராலயத்துக்கு முன்னால குதுசோவுக்குச் சரிசமமா இவருக்கும் 1837இல் சிலை வச்சாங்க.

பேச்சை போரோதினோவுல தொடங்காதீங்க மகள், பனிக்கட்டியில தொடங்குங்க. கூட்டம் எந்தத் திகதின்னு எழுதுங்க. கண்டியில இருந்து காலை பஸ்ல வந்து பின் வரிசையில உக்காந்து கேக்கிறேன்.