இ-சிகரெட்டின் டெம்பரேச்சர் கண்ட்ரோலில் 220 வைத்தும் தொண்டை கருகுகிறது: எங்கே தப்பு?

முகப்பேர் மேற்கு:
வணக்கம். எனக்கு 41 வயது. 18 வருடம் சிகரெட், தினம் ஒரு பாக்கெட். போன வருடம் லண்டன் மச்சான் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய வேப்பை (இ-சிகரெட்டை) என்னிடம் விட்டுப் போனான். எட்டு மாதமாக சிகரெட்டைத் தொடவில்லை, அதனால் இது கெட்டுப்போனால் திரும்ப டீக்கடைப் பக்கம் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை புதுக் காயில் (பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) போட்டேன். பஞ்சு நன்றாக ஊறட்டும் என்று பத்து நிமிடம் வைத்து, வாட் மோடில் (பவரை மட்டும் வைக்கும் மோடு) நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. உடனே எஸ்எஸ் மோடுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கான டெம்பரேச்சர் கண்ட்ரோல்) மாற்றி 220 டிகிரி வைத்தேன். மூன்றாவது இழுப்பிலேயே அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு நாற்றம், தொண்டை எரிச்சல். 200-க்கு இறக்கினேன், அப்படியேதான். காயில் பாக்கெட்டில் எஸ்எஸ் 316, 0.5 ஓம் என்று இருக்கிறது. திரையில் 0.53 காட்டுகிறது. எந்த எண்ணை வைக்க வேண்டும்?

ரிச்சி தெரு மேஜை:
சார், எண்ணை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அந்த 0.53-தான் உங்கள் பிரச்சினை.

22 வருடமாக ரிச்சி தெருவில் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல சால்டரிங் ஸ்டேஷன் என்றால் முனையில் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கும். உங்கள் கையில் இருப்பதில் அப்படி எதுவும் கிடையாது. காயிலின் மின்தடையை மட்டும் பார்த்து, சூடு இவ்வளவு இருக்கும் என்று அது கணக்குப் போடுகிறது. எஸ்எஸ் 316 கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.00092 பங்கு ஏறும். 20 டிகிரியில் 0.50 ஓம் இருந்தால் 220-ல் 0.592. மொத்த வித்தியாசமே 0.09 ஓம்தான். இந்தச் சின்ன இடைவெளிக்குள் முழுக் கணக்கும் நடக்கிறது, அதனால் ஆரம்ப எண் தப்பினால் எல்லாமே தப்பும்.

நாலு இழுப்பு இழுத்த சூட்டோடு மோடை மாற்றினீர்கள் இல்லையா? காயில் ஆறுவதற்குள் 0.53-ஐ 'குளிர்ந்த நிலை' என்று அது பிடித்துக்கொண்டுவிட்டது. அதன்மேல் 220 என்றால் 0.627 ஓம் வரும்வரை கரண்ட் கொடுக்கும். அந்தத் தடையில் கம்பியின் உண்மையான சூடு 290-க்கு மேல். 200-க்கு இறக்கினாலும் 270-ஐத் தாண்டிவிடும். பஞ்சு கருகாமல் என்ன செய்யும்? நாற்றத்தை விடுங்கள், திரவத்தில் இருக்கும் கிளிசரின் அந்தச் சூட்டில் சிதைந்து அக்ரோலின் மாதிரி எரிச்சல் பொருட்களாக மாறும். தொண்டை எரிந்தால் அந்த இழுப்போடு நிறுத்திவிடுங்கள்.

கருகிய காயிலைத் தூக்கிப் போடுங்கள். புதிதைப் போட்டு, ஒரு இழுப்புகூட இழுக்காமல், திரவம் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கருவியை மின்தடையைப் படிக்க வைத்து, அதையே 'குளிர்ந்த நிலை' என்று மாறாதபடி லாக் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல்: பல கருவிகள் அறைச் சூட்டை 20 என்றே வைத்துக் கணக்கிடும். மே மாதம் 35 டிகிரி அறையில் லாக் செய்தால், நீங்கள் வைப்பதைவிட 17, 18 டிகிரி கூடவே போகும். ஏசி அறையில் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் எண்ணைக் குறைத்து 200-ல் ஆரம்பியுங்கள்.

லாக் செய்வதற்கு முன் காயில் உட்காரும் திருகையும் துடைத்து இறுக்குங்கள். அங்கே லூஸ் காண்டாக்ட்டில் 0.02 ஓம் ஆடினாலே கணக்கு 40 டிகிரிக்கு மேல் ஆடும். காந்தல் என்ற பெயரில் விற்கும் கம்பி (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது) இந்த மோடுக்கு ஆகவே ஆகாது. எவ்வளவு சூடானாலும் அதன் தடை ஏறக்குறைய அசையாது, கருவிக்கு ஒன்றும் தெரியாது.

இதை என் கடைக்குக் கொண்டுவராதீர்கள், நான் எடுப்பதில்லை. காரணத்தை வேறு யாராவது சொல்வார்கள்.

பெரம்பூர் லோகோ:
நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இ-சிகரெட்டுக்கு 2018-லேயே அரசு தடை. 2019-ல் மத்திய சட்டம் வந்து தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்தது. விற்று முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருந்தால் ஆறு மாதம் வரை, 50,000 வரை. அடுத்த காயிலுக்கு நீங்கள் யாரிடம் கை நீட்டினாலும் கள்ளச் சரக்குதான், பாக்கெட்டில் எஸ்எஸ் 316 என்று அச்சடித்திருப்பதை நம்பவும் முடியாது.

அண்ணே, எட்டு மாதம் சிகரெட் இல்லாமல் இருந்தது பெரிய விஷயம். அதை விட்டுவிடாதீர்கள். நான் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வைத்து வெளியே வந்தேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். 1800-112-356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

முகப்பேர் மேற்கு:
ரிச்சி தெரு சார், ரொம்ப நன்றி. மச்சான் கொடுத்ததில் கடைசிக் காயிலைப் போட்டு ராத்திரி படுக்கையறை ஏசியில் வைத்தேன். காலையில் 0.50. லாக் செய்து 205 வைத்தேன், நாற்றம் இல்லை.

பெரம்பூர் அண்ணே, இந்தக் காயில் தீர்ந்தால் வேறு தேடப்போவதில்லை. நேற்று சூயிங்கம் ஒரு அட்டை வாங்கிவிட்டேன். ஆனால் மென்றதும் விக்கல் வருகிறது, ஒன்றும் ஏறின மாதிரியும் தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது டிகிரி காபி குடித்த கையோடு போட்டேன்.

பெரம்பூர் லோகோ:
அதுதான் விஷயம். காபியின் புளிப்பு வாயில் இருக்கும்போது நிகோடின் கன்னத்து வழியாக இறங்காது. குடித்து 15 நிமிடம் கழித்துப் போடுங்கள். பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. நாலைந்து தடவை மெதுவாக மென்று, காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் திரும்ப மெல்லுங்கள். எச்சிலை விழுங்க விழுங்கத்தான் விக்கல். அரை மணி நேரம் ஒரு கம் தாங்கும்.