உலோகக் கரிமச் சட்டகம்: கார உலோகங்களை வைத்து ஒரு சோதனை

நண்பர்களுக்கு வணக்கம்.

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் கோத்து, உள்ளே வெற்றிடத்தோடு அமையும் படிகத்தை ஆங்கிலத்தில் metal-organic framework (எம்ஓஎஃப்) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கரிம உலோகக் கட்டமைப்பு' என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கரிம உலோகம் என்றாலே, கிரிக்னார்டு வினைபொருளைப் போல உலோகமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த சேர்மம்தான் வேதியியல் படித்தவர் நினைவுக்கு வரும். இங்கே உலோக அயனியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கார்பாக்சிலேட்டின் ஆக்சிஜன், இல்லையென்றால் நைட்ரஜன். அதனால் வரிசையை மாற்றி 'உலோகக் கரிமச் சட்டகம்' என்போம். 'கட்டமைப்பு' என்ற சொல் படிகக் கட்டமைப்புக்கே தேவைப்படுகிறது. சட்டகம் என்றால் உள்ளே இடம் விட்டு நிற்பது என்ற பொருளும் கூடவே வந்துவிடும்.

கார உலோகங்களில் சிக்கலே அந்த உள்ளிடம்தான். எம்ஓஎஃப்-5 படிகத்தில் ஓர் ஆக்சிஜனைச் சுற்றி நான்கு துத்தநாக அயனிகள். இந்த இணைப்பு முடிச்சுதான் கணு. அந்தக் கணுவிலிருந்து ஆறு திசைகளில் டெரிப்தாலேட் ஈனிகள், அதாவது உலோகத்தோடு பிணையும் கரிம மூலக்கூறுகள், நீள்கின்றன. எங்கே எது நிற்கும் என்று ஊகிக்கலாம். கார உலோக அயனிகளின் பிணைப்புக்கு அப்படித் திசை கிடையாது. லித்தியம் பெரும்பாலும் நான்கு ஆக்சிஜன்களோடு நிற்கும். சோடியத்துக்கு ஆறு வழக்கம். சீசியம் எட்டையும் தாண்டும். ஒரே ஆக்சிஜனை இரண்டு மூன்று அயனிகள் பங்குபோட்டுக்கொள்வதால், கணு தனித்து நிற்காமல் சங்கிலியாகவோ தளமாகவோ ஓடிவிடுகிறது. பல படிகங்களில் துளையே இருக்காது.

சரி, அவற்றையும் சட்டகம் என்பதா? வேதியியல் சொற்களை வரையறுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி 2013இல் தந்த வரையறை, கரிம ஈனிகள் கொண்ட அணைவு வலையில் (உலோக அயனியும் ஈனியும் மாறி மாறிப் பிணைந்து நீளும் வலையில்) வெற்றிடத்துக்கு வாய்ப்பும் இருக்க வேண்டும் என்கிறது. எனவே துளையற்றவற்றை 'அணைவு வலை' என்ற அளவில் நிறுத்திவிடலாம்.

கார உலோகத்தாலும் நல்ல சட்டகம் அமையும். 2010இல் வெளியான பொட்டாசியம்–காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் படிகம் மிக அழகானது. எட்டு குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்த வளையம்தான் காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஆறு வளையங்கள் ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களாக நிற்க, பொட்டாசியம் அயனிகள் அவற்றைக் கோக்கின்றன. நடுவில் சுமார் 1.7 நானோமீட்டர் அகலக் குழி. இதைச் சட்டகம் என்று தயங்காமல் அழைக்கலாம்.

அப்புறம், கணுவுக்குப் பதிலாகச் சங்கிலி போல நீளும் அந்த உலோகப் பகுதிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'கோல் அலகு' என்று முன்மொழிகிறேன். 'தண்டு' தாவரவியலில் ஏற்கெனவே புழங்குவதால் அதைத் தவிர்த்தேன். படிகவியலில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.